பதினாலு வோல்ட்

சிவப்பு வயரை விரலிடுக்கில் கொடுத்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அந்தக் கைகள் மெல்ல நீவிக்கொண்டு போயின. மேலுறை எங்காவது வெடித்திருந்தால் கண்ணைவிட விரலுக்குத்தான் முதலில் தெரியும். சிவப்பு முடிந்ததும் கறுப்பு. பிறகு டிஜிட்டல் மீட்டரின் அடித்துளையில் கறுப்பு, நடுத்துளையில் சிவப்பு. இரண்டையும் இழுத்துப் பார்த்தன, ஆடவில்லை. மேலே மூன்றாவதாக ஒரு துளை இருந்தது. அதில் தீக்குச்சியைச் செருகி ஒடித்து, மேலே டேப் ஒட்டி அடைத்திருந்தது. வலது கட்டைவிரல் அந்த டேப்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தது. விரலின் தோல் நகத்திலிருந்து மணிக்கட்டு வரை வெளிறிச் சுருங்கியிருந்தது.

"இன்னா நைனா, வயர தடவிகினே கீற? ஜோசியம் பாக்கறியா?" என்றாள் பஞ்சவர்ணம்.

வயர்மேன் உத்தமன் டேப்பிலிருந்து விரலை எடுத்தான். கை நடுங்குவதை அவள் பார்த்துவிடக் கூடாதே என்று மீட்டரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

காட்டுப்பாக்கத்தில் மூன்று நாள் ஐப்பசி மழை விட்டிருந்த பகல் அது. வருஷம் தொண்ணூற்றைந்து. பஞ்சவர்ணம் தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறவள். ஓட்டு வீட்டின் பின்பக்கத் தாழ்வாரத்தில் கிரைண்டர் நின்றது. காலடியில் சிமெண்டுத் தரை சொதசொதவென்று ஈரம். இரண்டு அண்டாவில் அரிசியும் உளுந்தும் ஊறிக்கொண்டிருந்தன.

"காலைல இன்னா ஆச்சின்னு முழுசா சொல்லு அக்கா."

"மாவ தள்ளி உட்டுகினு இருந்தேன். லைட்டு வேற மினுக்கு மினுக்குனு சிமிட்டிச்சி. திடீர்னு யாரோ கைய புடிச்சி இஸ்த்த மாதிரி இருந்திச்சி. செவுத்துல போயி உழுந்தேன். பாரு, முட்டி வீங்கிக் கீது. எழுந்ததும் ஊட்ல கீற எல்லா சுவிச்சையும் அணைச்சிட்டேன். அப்பால ஒண்ணையும் தொடல."

"நல்லது பண்ண" என்றான் உத்தமன். அப்படித்தான் அவன் அப்போது நினைத்தான்.

குத்தம்பாக்கத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் அவனுடையது. பதினாறு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு மண் சுமக்க வந்தவன், வயரிங் வேலை பார்க்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வயர்மேன் ஆனான். மீட்டர் முகத்தில் இருந்த எழுத்துகளை வைத்துத்தான் இங்கிலீஷ் எழுத்தே கற்றுக்கொண்டான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய முதல் மஞ்சள் மீட்டர் வரும்வரை அவனுக்கு டெஸ்டரும் ஒரு குண்டு பல்பும்தான் கருவி. மீட்டர் வந்த பிறகு எண் பேசியது. எண் வந்ததும் தைரியமும் வந்தது. தைரியம் ஒரு வருஷம்தான் இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் எஸ்டேட்டில் ஒரு பட்டறை. காலையில் பேட்டரி சார்ஜரில் எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்ப்பதற்காகச் சிவப்பு வயரை மேல்துளைக்கு மாற்றினான். பார்த்து முடிந்தது. ஃபோர்மேன் தேவராஜ் கூப்பிட்டார்: "உத்தமா, லேத்து போர்டுல மூணு பேஸும் வருதான்னு பாத்துட்டு வா." ஓடினான். மீட்டரின் குமிழை ஏசி வோல்ட்டுக்குத் திருப்பினான். சிவப்பு வயரைத் திரும்ப நடுத்துளைக்கு மாற்றவில்லை. சிவப்பு வயர் மேல்துளையில் இருக்கிற மீட்டர் வெறும் கம்பித் துண்டு மாதிரி; குமிழ் எங்கே நின்றாலும் கரண்டைத் தடுக்காது. இரண்டு பேஸுக்கு நடுவே முனைகளை வைத்ததும் வெள்ளையாக ஒரு வெளிச்சம் வந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்த மாதிரி அவனுக்கு ஞாபகம். கண் திறந்தபோது கையில் மீட்டர் இல்லை, புருவம் இல்லை.

புது மீட்டர் வாங்கின அன்றே மேல்துளையை அடைத்தான். ஆனால் பயத்தை அடைக்க முடியவில்லை. ஒவ்வொரு போர்டைத் திறக்கும்போதும் அந்த வெள்ளை வெளிச்சம் இமைக்குள் வந்து போனது. மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. பயப்படுகிற வயர்மேனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்?

காய்ந்த பலகை ஒன்றைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றான். மெயின் சுவிட்சின் மூடியைத் திறந்து, வெளியிலிருந்து லைன் வந்து சேருகிற இடத்தில் முதலில் அளந்தான். இடது கை சட்டைப் பையில்; இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சைக் கடந்து போகும். வலது கையில் இரண்டு முனைகளையும் குச்சி பிடிக்கிற மாதிரி பிடித்து, விரல்கள் பிளாஸ்டிக் பிடியின் விளிம்பைத் தாண்டாமல் வைத்தான். இருநூற்று இருபத்தெட்டு. மீட்டர் உயிரோடு இருக்கிறது. இதைப் பார்க்காமல் வேறெங்கும் வைக்கக் கூடாது. செத்த மீட்டர் எல்லா இடத்திலும் சைபர்தான் காட்டும்.

பிறகு மீட்டரைத் தாழ்வாரத்து ஆணியில் மாட்டினான். கறுப்பு வயரோடு நீள வயர் ஒன்றைச் சேர்த்து, கிளிப்பால் அடிபம்பின் குழாயைக் கவ்வ வைத்தான். குழாய் நாற்பது அடி மண்ணுக்குள் போகிறது. எர்த்துக்கு அதைவிட நல்ல பூமி கிடையாது. சிவப்பு வயருக்கும் ஒரு கிளிப் போட்டு, கிரைண்டர் அடியில் பெயிண்ட் இல்லாத திருகாணியில் மாட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

பதினாலு. ஒன்பது. பதினேழு. மறுபடி பதினாலு.

மூச்சு விட்டான். இந்த மாதிரி மீட்டர்கள் அந்தரத்தில் தொங்குகிற வயரைத் தொட்டால்கூடப் பத்து, இருபது என்று ஏதாவது காட்டும். பக்கத்து வயரின் வாடை மாதிரி அது. அதில் ஆளை அடிக்கிற பலம் இருக்காது.

"இன்னா சொல்லுது ஒம் பொட்டி?"

"இப்ப ஒண்ணும் பெரிசா காட்டல அக்கா."

"அப்ப ஈரக் கையால தொட்டதுதான் தப்புன்ற. அரிசிய போட்டுடட்டா? சாயங்காலம் ஆளுங்க வந்து நிப்பாங்க."

சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அவனுக்கு அந்த வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம். பயப்படுகிறவன் சீக்கிரம் சரி என்று சொல்லிவிடுவான் என்பது அவனுக்கே தெரியும். அதனால்தான் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தான்: சந்தேகம் போகும்வரை கிளிப்பைக் கழற்றாதே. அந்தப் பதினாலில் ஏதோ இடித்தது. எது என்று பிடிபடவில்லை.

பஞ்சவர்ணம் அண்டாவை இழுத்துக் கிரைண்டர் பக்கத்தில் வைத்தாள். மழை மூட்டத்தில் தாழ்வாரம் இருண்டு கிடந்தது. உள்ளே இருந்த மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கஸ்தூரி, லைட்ட போடு. கல்லு தெரியல."

உள்ளே சுவிட்ச் தட்டுகிற சத்தம் கேட்டது. பல்பு எரியவில்லை.

"பல்பு பூட்ச்சிமா" என்றாள் கஸ்தூரி.

உத்தமன் மீட்டரைப் பார்த்தான். இருநூற்று இருபத்தொன்று.

பஞ்சவர்ணத்தின் அரிசித் தண்ணீர் சொட்டுகிற கை, கிரைண்டரின் விளிம்புக்கு ஒரு ஜாண் மேலே இருந்தது.

"அக்கா. கைய எடு."

"இன்னாத்துக்கு?"

"எடு அக்கா. எடுத்துட்டுப் பின்னால போ." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், கையை இழுத்துக்கொண்டாள், இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"கஸ்தூரி, சுவிச்ச அணைம்மா."

பதினாலு.

"மறுபடி போடு."

இருநூற்று இருபது.

"அணைச்சிடு. அப்பால தொடாத."

பலகையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லா சுவிட்சையும் அணைத்து வைத்த வீட்டில் அளந்தால் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. அவன் நல்லது என்று சொன்னானே, அதுதான் அவளைக் கொல்லப் பார்த்தது.

மெயினை அணைத்தான். ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். தான் இருக்கும்போது வேறு யாரும் கரண்டு கொடுக்க முடியாது. லைன் வருகிற இடத்தில் அளந்தான், இருக்கிறது. சுவிட்சுக்கு இந்தப் பக்கம் அளந்தான், இல்லை. மறுபடி லைன் வருகிற இடம், இருக்கிறது. மூன்றும் சொன்ன பிறகுதான் திருப்புளியை எடுத்தான். வீட்டுப் பக்கம் போகிற நியூட்ரல் வயரின் திருகு கருகித் தளர்ந்திருந்தது. தொட்டதும் வயர் கையோடு வந்தது. பல்பு காலையில் சிமிட்டியதற்கும் இப்போது எரியாததற்கும் அதுதான் காரணம். பல்புக்குள் போன கரண்டு திரும்பிப் போக வழியில்லாமல் நிற்கிறது. ஆனால் அது எப்படிக் கிரைண்டரின் உடம்புக்கு வந்தது?

கிரைண்டர் சொருகுகிற பிளக் பாயிண்டைக் கழற்றினான். உள்ளே எர்த் துளைக்கும் நியூட்ரலுக்கும் நடுவே விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர்த் துண்டு. முனையை மூன்று சுற்றுச் சுற்றி மடக்கியிருந்தது. உத்தமன் அப்படித்தான் மடக்குவான்.

எர்த் குழி இல்லாத வீடுகளில் அந்தப் பக்கத்து வயர்மேன்கள் எல்லாரும் செய்கிறதுதான். குழி தோண்டக் கூலி, குழாய், கரி, உப்பு என்று வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். நியூட்ரலையே எர்த்தோடு சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஷாக் அடிக்கவும் அடிக்காது, நியூட்ரல் நன்றாக இருக்கிற வரைக்கும். நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டில் எரிகிற ஒரு பல்பு போதும், கிரைண்டர் முழுக்கக் கரண்டு நிற்கும். நல்ல நியூட்ரலில் மாட்டிய கிரைண்டர் உடம்பு இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டாது. பதினாலு காட்டியபோதே அது அந்தரத்தில் தொங்குகிறது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இன்னாப்பா, பேயறைஞ்ச மாதிரி ஒக்காந்துகினு கீற?"

"இத நான்தான் போட்டேன் அக்கா. ரெண்டு வருஷம் முன்னால."

"எத?"

அந்தத் துண்டைக் காட்டினான். எப்படி என்று சொன்னான். அவள் வீங்கிய முட்டியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ரெண்டு வருஷமா பாடை கட்டி வெச்சிருந்திருக்க. மாசா மாசம் ஒனக்கு மாவு வேற குடுத்துகினு இருந்தேன்."

"ஆமா அக்கா."

"ஆமாவா? வேற இன்னா சொல்லப் போற?"

"நாளைக்குக் குழி தோண்டி எர்த்து போட்டுத் தரேன். அதுவரைக்கும் ஃப்யூஸ் எங்கிட்டதான் இருக்கும்."

"ராவெல்லாம் இருட்டுல கெடக்கணுமா?"

"கெடக்கணும் அக்கா."

அவள் திட்டிக்கொண்டே ஊறின அரிசியையும் உளுந்தையும் குமணன்சாவடி மில்லுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். சைக்கிளில் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் உத்தமன் விரல்விட்டு எண்ணினான். இதே துண்டை அவன் கை போட்ட வீடுகள். பதினொன்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வராதவற்றை நினைத்தபோதுதான் வியர்த்தது. ரேஷன் கார்டின் பின்புறத்தில் பதினொரு பெயரையும் எழுதினான். மனைவி என்னவென்று கேட்டாள். முதல்முறையாகச் சொன்னான், பட்டறையில் வெடித்ததிலிருந்து தொடங்கி.

மறுநாள் காலையில் கொல்லையில் எட்டடிக் குழாய் மண்ணுக்குள் இறங்கியது. சுற்றிலும் கரி, உப்பு, கரி. அதிலிருந்து தனியாக ஒரு வயர் கிரைண்டர் பாயிண்டுக்குப் போனது. நியூட்ரல் முனையைச் சுத்தமாகச் சீவி, புதுத் திருகு போட்டு இறுக்கினான். பிறகு ஃப்யூஸைப் போட்டான். குண்டு பல்பை பேஸுக்கும் புது எர்த்துக்கும் நடுவே மாட்டினான், பிரகாசமாக எரிந்தது. எண் மட்டும் காட்டுகிற எர்த் போதாது, கரண்டைச் சுமக்கிற எர்த்தாக இருக்க வேண்டும்.

"கஸ்தூரி, ஊட்ல கீற எல்லாத்தையும் போடு. ஃபேன், லைட்டு, எல்லாம்."

கிரைண்டர் ஓடியது. ஆணியில் மாட்டிய மீட்டரை மூவரும் பார்த்தார்கள். ஒன்று. ஒன்று. சைபர். ஒன்று. ஒவ்வொரு சுவிட்சாக அணைக்கச் சொல்லி அளந்தான், மறுபடி எல்லாவற்றையும் போடச் சொல்லி அளந்தான். கடைசியில் மெயினுக்குப் போய் மீட்டர் உயிரோடிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

"ஒம் பொட்டி சொல்றது இருக்கட்டும்" என்றாள் பஞ்சவர்ணம். "நீ தொடு பாக்கலாம்."

உத்தமன் வாளித் தண்ணீரில் கையை முக்கினான். வெள்ளை வெளிச்சம் இமைக்குள் வந்தது. கண்ணை மூடாமல், சுற்றுகிற கிரைண்டரின் உடம்பில் உள்ளங்கையை வைத்தான். இரும்பு குளிர்ந்து, லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை. அவள் போதும் என்று சொல்கிறவரை எடுக்கவில்லை.

"போதும், எடு. நடுங்கற நடுக்கத்துல கல்லு கழண்டுக்கும்."

அவன் நகர்ந்து வழிவிட்டான். பஞ்சவர்ணம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, முதல் சொம்பு உளுந்தை உள்ளே கொட்டினாள்.