பதினேழுக்கு மூன்று நூல் கம்மி

என் அப்பா கொத்தனார். திருச்சுழிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் அவர் கட்டிய சுவர் ஒன்றாவது நிற்கும். கடைக்கால் போடும்போது சதுர அறையின் மூலை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி அறை என்றால், மூலைக்கு மூலை பதினேழு அடி வரவேண்டும். தொழில் பழகியபோது கேட்டது. அவருக்கு அது வேதவாக்கு.

எட்டாம் வகுப்பில் கணக்கு டீச்சர் போர்டில் ஒரு சதுரம் வரைந்தார். பக்கம் ஒன்று என்றால் மூலைவிட்டம் இரண்டின் வர்க்கமூலம், அது விகிதமுறா எண், எந்தப் பின்னமாகவும் எழுத முடியாது என்றார். புள்ளிக்குப் பிறகு இலக்கங்கள் முடியாமல் போய்க்கொண்டே இருக்குமாம். வகுப்பில் பாதிப் பேருக்குத் தலைவலி. எனக்கு மட்டும் அப்பாவின் பதினேழு ஞாபகம் வந்தது. பதினேழின் கீழ் பன்னிரண்டு என்பது பின்னம்தானே? அப்படியானால் அப்பா இத்தனை வருஷமாகச் செய்வது தப்பு. அதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சனிக்கிழமை. பாளையம்பட்டியில் கடைக்கால் வேலை. அப்பாவுக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். வீட்டுக்காரரும் வேலையாட்களும் நிற்க, அப்பா டேப்பைப் பார்த்து, "பதினேழு, கரெக்டா இருக்கு" என்றார்.

"கரெக்டா இருக்காதுப்பா. பதினேழு வரவே வராது. அது முடிவே இல்லாத நம்பரு. படிச்சவுகளுக்குத்தான் தெரியும்."

"என்ன கொத்தனாரே, அப்ப என் வீடு கோணலாப் போயிருமா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார். வேலையாட்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தபடி, "படிக்கிற புள்ள சொல்லுது, கேட்டுக்குவோம்" என்று டேப்பைச் சுருட்டினார். வழக்கத்தைவிட மெதுவாகச் சுருட்டினார். குறைகுடம் கூத்தாடும் என்பார்கள். அன்றைக்கு நான் ஆடிய கூத்து கொஞ்சமல்ல.

சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு வந்து கேட்டார். "எம்புட்டு வித்தியாசம் வரும் தாயி? ஒரு நூலா, ரெண்டு நூலா?" அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குதான் கொத்தனார்களுக்கு ஒரு நூல். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனமில்லை. "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடியும் வந்து நின்றார். "கம்மாய்க்குள்ள வாரியா தாயி? டேப்பு ஒரு மொனையப் பிடிச்சுக்க. பெருசாச் சதுரம் போட்டு அளந்து பாத்துருவோம்." டவுனில் டியூஷன் இருக்கிறது என்றேன். டியூஷன் பதினொரு மணிக்கு.

பத்தரை மணி பஸ் கண்மாய்க் கரையை ஒட்டித்தான் போகும். தண்ணீரில்லாத கண்மாய்க்குள் அப்பா தனியாக இருந்தார். டேப்பின் ஒரு முனையை முளையில் மாட்டிக் கல் வைத்துவிட்டு, மறுமுனையோடு நடப்பார். நுனி நழுவும். திரும்பி வந்து மாட்டிவிட்டு மறுபடி நடப்பார். "அங்க யாரு, உங்கப்பாவா?" என்று பக்கத்தில் இருந்த சிநேகிதி கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தவருக்கு முழங்கால் வரை கரிசல் புழுதி. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோஷம். "ஒன்னொன்னாப் போட்டுப் பாத்தேன் தாயி. அஞ்சடிக்கு ஏழடி வச்சா ஏழு நூல் மிஞ்சுது. பன்னெண்டுக்குப் பதினேழுன்னா மூணு நூல் கம்மி. இருபத்தொம்பதுக்கு நாப்பத்தொன்னு, அதுல ஒரே ஒரு நூல் கூட. எங்கயுமே சரியா உக்கார மாட்டேங்குது. நீ சொன்னதுதான் சரி."

"அதான் புத்தகத்துலயே போட்டிருக்கேப்பா."

"ஆமா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அதற்குப் பிறகு என் பாடத்தைப் பற்றி அவர் எதுவும் கேட்டதில்லை. நானாகவும் சொன்னதில்லை.

கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு நூல், மூன்று நூல், ஒரு நூல். மூன்றுமே சரி. கண்மாய்க்குள் ஒற்றை ஆளாக அளந்த அளவு அது. ஊருக்குப் போனதும் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த மாதமே அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார். போனில் சொல்லியிருக்கலாம். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று வைத்திருந்தேன்.

இப்போது நானும் கணக்கு டீச்சர்தான். போன வருஷம் அருப்புக்கோட்டையில் வீடு கட்ட ஆரம்பித்தேன். அப்பாவிடம் வேலை பார்த்த ஊர்க்கார அண்ணன் ஒருவர்தான் கொத்தனார். அறைக்கு முளை அடித்துவிட்டுத் தன் ஆளிடம், "பதினேழுக்கு மூணு நூல் கம்மியா வைடா" என்றார். இந்தக் கணக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"உங்கப்பாதான். எல்லாருகிட்டயும் சொல்லுவாக. எம் மக கண்டுபிடிச்சுச் சொன்ன கணக்குடா, தப்பா வராதும்பாக."

அண்ணன் டேப்பை இழுத்துக்கொண்டு எதிர் மூலைக்குப் போனார். முளையில் மாட்டிய நுனி நழுவி விழுந்தது. குனிந்து எடுத்து, அளந்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.