கஃபேயில் ஒப்பாரி

பாரிஸ் புறநகரில் எங்கள் குடியிருப்பில் வாய்விட்டுப் பாட முடியாது. கொஞ்சம் குரலை உயர்த்தினாலும் கீழ்வீட்டு அம்மாள் விளக்குமாற்றால் கூரையை இடிப்பார். அதனால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அடித்தளத்தில் துணி துவைக்கும் அறைக்குப் போய்விடுவேன். நானே எழுதிப் பாடுகிற பாட்டுகள் எல்லாம் அந்த மெஷின் இரைச்சலில் பிறந்தவை. சோப்பு வாசனை அடித்தால் குறை சொல்லாதீர்கள்.

முதல் பாட்டின் மெட்டு மட்டும் என்னுடையதில்லை. காரைக்கால் பக்கம் நெரவியில் எங்கள் தெருவில் யார் தவறினாலும் ஒப்பாரிக்கு அம்மாவைத்தான் தேடுவார்கள். ஆனால் தலைமுழுகி வந்துவிட்டால் அதில் ஒரு வரிகூட வீட்டுக்குள் கேட்கக் கூடாது. சிறுவயதில் சோற்றுத் தட்டின் முன்னால் முனகிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, வழியனுப்ப வந்து நின்ற அம்மாவைப் பற்றி எழுதினேன். அந்த வரிகள் அம்மாவின் ஒப்பாரி மெட்டைத் தவிர வேறு எந்த மெட்டிலும் உட்காரவில்லை. ஒரு கஃபேயில் பாடினேன். “குழந்தையைத் தூங்கவைக்கிற பாட்டா?” என்று கஃபேக்காரர் கேட்டார். விளக்கிச் சொல்லப் பிரெஞ்சு போதவில்லை, ஆமாம் என்பதற்கு “உய்” என்று தலையாட்டிவைத்தேன். அந்த வீடியோ பரவித்தான் வெளியூர் அழைப்புகள் வந்தன, முதல் ஆல்பத்துக்கும் வழி பிறந்தது.

வீடியோ நெரவிக்கும் போயிருக்கிறது. விடுமுறைக்குப் போனபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமலே குழம்பை ஊற்றினாள்.

“நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். எனக்குப் போயி ஒப்பாரி வச்சிருக்கியே.”

“அவங்களுக்கு அது வெறும் பாட்டும்மா.”

“ஒனக்குத் தெரியும்ல?”

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடத்தில் என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த பாட்டு அது ஒன்றுதான். ஆனால் அதைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் பாடியதால்தான் என்று முதலில் நம்பப்போகிறவள் நானே. கிளம்புகிற அன்று, ஆல்பத்திலிருந்து அதை எடுத்துவிடுவதாகச் சொன்னேன்.

அம்மாவின் முகம் இளகியது. “இப்பதான் வேணாங்குறேன். நான் போனப்பறம் வந்து ஆசைதீரப் பாடு. யாரு தடுக்கப்போறா?”

சில வருடங்களுக்கு முன் அப்பா காலையில் போனார், மாலைக்குள் எடுத்துவிட்டார்கள். நான் செல்போனில்தான் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கிற மகன் என்றால் ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருப்பார்கள். கொள்ளிபோட அண்ணன் ஊரிலேயே இருக்கும்போது மகளுக்காக யார் காத்திருப்பார்கள்?

“வந்து பாடுறேம்மா” என்று சொல்லிவிட்டு டாக்ஸியில் ஏறினேன்.