சைக்கிளில் வந்த ஆபீஸரம்மா

ஊர் பார்க்கவென்று யாரும் கோலார் தங்கவயலுக்கு வருவதில்லை. இன்று நான் தனியாகப் போய் இறங்குகிற ஊர்களில், சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் ஜனங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல முடியாது. நான்காம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு அக்கா வந்து இரண்டு நாள் தங்கினார். அவர் சொன்னதை நாங்கள் ஒருவரும் நம்பவில்லை.

சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைன். ரயில் பெட்டிகளைப் போல ஒட்டி ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். சுரங்கத்தை மூடியபோது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு இளவட்டங்கள் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போனார்கள். அப்பாவின் வயதுக்காரர்கள், சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய ஷாப்டின் இரும்புக் கோபுரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். சுரங்கத்தை மறுபடி திறக்கப்போகிறார்கள் என்று மாதத்துக்கு ஒருவராவது செய்தி கொண்டுவருவார். பேப்பரில் அப்பா தேடுவதும் அந்தச் செய்தி ஒன்றைத்தான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருந்தார். அங்கேயே அப்பாவுக்கும் ஓர் இடம் பேசிவைத்திருந்தார். திங்கட்கிழமை காலை போய் நிற்க வேண்டும்; கூட்டிக்கொண்டு போக மாமாவே வந்திருந்தார். உட்கார்ந்த இடத்தில் கேட்டைத் திறந்து மூடுகிற வேலை; அப்பாவின் நெஞ்சுக்கு அவ்வளவுதான் தாங்கும் என்று அம்மாவும் மாமாவும் பேசிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஓயாத இருமல். அவரைப் போலச் சுரங்கத்துக்குள் பாறையில் துளை போட்டவர்கள் எல்லாருக்கும் அது இருந்தது. எங்கள் லைனில் இருமல் என்பது காக்காய் கத்துகிற மாதிரி, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மத்தியானம் அந்த அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பது வயது இருக்கும். கிராப்பு வெட்டிய தலையில் ஹெல்மெட், காலில் பூட்ஸ். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண் எங்கள் ஊரில் மலைபோல் நிற்கும். சயனைடு மேடு என்போம். அதன் ஓரத்தில் பொறுக்கிய கல் ஒன்று அவர் கையில் இருந்தது. எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஷாப்ட் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, நோட்டில் ஏதோ எழுதினார்.

அப்பா எழுந்து, மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டார்.

“மேடம் இன்னா விஷயமா வந்திருக்கீங்க?”

“சும்மாதான் அண்ணாச்சி. ஊர் பாக்க வந்தேன். தூத்துக்குடிப் பக்கம் நமக்கு.”

அப்பா பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தி, “வாயத் தொறந்து சொல்லிடுவாங்களா? ஜீப்புல வந்தா தெரிஞ்சிடும்னுதான் சைக்கிள்ல அனுப்பிக்கிறாங்க” என்றார். சுரங்கத்தைத் திறப்பதற்கு முன் ரகசியமாகப் பார்த்துவரச் சொல்லி யாரோ அனுப்பிய ஆபீஸர் என்பது அந்த நிமிடமே முடிவாகிவிட்டது.

சைக்கிளின் பின் டியூப் கிழிந்திருந்தது. அப்பா சக்கரத்தைக் கழற்றி பஸ்ஸில் ராபர்ட்சன்பேட்டைக்குக் கொண்டுபோனார். அந்த அளவு டியூப் திங்கட்கிழமைதான் வரும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பக்கத்தில் லாட்ஜ் இருக்கிறதா என்று அக்கா கேட்டபோது லைனே சிரித்தது. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லி, தானும் மாமாவும் படுக்கப் பக்கத்து வீட்டில் இடம் கேட்டுக்கொண்டார். லைனுக்குப் பொதுவான கக்கூஸை ஆபீஸர் பார்த்துவிடக் கூடாதென்று அம்மா அவரை ஒவ்வொரு முறையும் மூன்று தெரு தள்ளி டீச்சர் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். சாப்பாட்டுக்கு பேக்கரி ரொட்டியும் ஆம்லெட்டும். அக்கா அடுப்படியை எட்டிப் பார்த்து, “அது களியா, அக்கா? எனக்கும் அதயே போடுங்களேன்” என்றார். எவ்வளவு எளிமையான ஆபீஸர் என்று லைன் முழுக்கப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வரத் தொடங்கினார்கள். யாரும் நேரம் குறித்துச் சொல்லவில்லை. ஆனாலும் பழைய பர்ஸ்ட் ஷிப்ட்காரர்கள் காலையில் வந்தார்கள். இரண்டு மணிக்கு அவர்கள் எழுந்துகொள்ள, செகண்ட் ஷிப்ட்காரர்கள் வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார்கள். தங்களுக்கு நேரம் ஒதுக்கவில்லை என்று நைட் ஷிப்ட்காரர்கள் இரண்டு பேர் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் சவரம் செய்து, பெட்டியில் மடித்துவைத்த சட்டையைப் போட்டிருந்தார்கள். சுரங்கத்தின் எந்த லெவலில் இன்னும் தங்கம் இருக்கிறது, எந்தப் பக்கம் தண்ணீர் ஏறியிருக்கும் என்றெல்லாம் சொன்னார்கள். அக்காவும் ஆசையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் எழுத எழுத இவர்கள் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருவரும் அவர் எதிரில் இருமவில்லை. இருமல் முட்டினால் ஏதோ வேலை இருப்பதுபோல் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார்கள். அப்போதெல்லாம் அம்மா உள்ளே பாத்திரத்தை உருட்டினார்.

அப்பா பின்னால்கூடப் போகவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு மூக்கால் மெல்ல மூச்சு விட்டார். கழுத்து நரம்பு புடைத்து அடங்கியது. அந்த இரண்டு நாளும் அவர் இருமி நான் கேட்கவே இல்லை. அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் தண்ணீர்க் குழாயடிக்கு என்னோடு அக்காவும் வந்தார். மைன்ஸை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டேன்.

“நானா? எனக்கு வேலையே கெடையாது பிள்ளே. இருந்தத விட்டுட்டு ஊர் ஊராச் சுத்திக்கிட்டு இருக்கேன்.”

லைனில் எல்லாரும் பேசிக்கொள்வதை நான் சொன்னேன். குடம் நிரம்பி வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. உடனே அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று திரும்பினார்.

“சொல்லாதீங்கக்கா. சொன்னா அப்பாவுக்கு மறுபடி இருமல் வந்துடும்.”

அவர் குனிந்து குழாயை மூடினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொல்லத்தான் செய்தார். “அண்ணாச்சி, நான் ஆபீஸர் இல்ல. சத்தியமா இல்ல. என்னய நம்பி எதயும் விட்டுராதீங்க.”

அப்பா சிரித்தார். “சரிங்க மேடம். என் வாயிலேர்ந்து வெளிய போவாது.”

மாமா தலையில் அடித்துக்கொண்டார். அவர் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். “நாளைக்கு நீங்க வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க மாமா. அப்பால என்னைக் கேக்காதீங்க.”

“நீ போடா. இங்க வேலைக்கு லிஸ்ட் எடுக்கிற அன்னிக்கு நான் அங்க கேட்டைப் பூட்டிக்கினு இருக்கணுமா?”

திங்கட்கிழமை விடிகாலை ரயிலின் சத்தம் கேட்டது. மாமா மட்டும் போனார். அப்பாவுக்கென்று கட்டிய டிபன் டப்பாவை அம்மா திறந்து, அதிலிருந்ததை எனக்குப் போட்டார். அந்த இடத்துக்கு அன்றைக்கே வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அப்பாவுக்கு நிலையான வேலை எதுவும் அமையவில்லை. நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியதும் அதனால்தான். அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. ரொட்டி இன்றோடு நின்றுவிடுமே என்பதுதான் என் கவலை.

பதினோரு மணிக்கு, கடைக்காரர் கொடுத்தனுப்பிய சக்கரத்தை பஸ் கண்டக்டர் இறக்கிக் கொடுத்தார். அப்பாவே மாட்டினார். மேட்டு ரோடு வரை தானே தள்ளுவேன் என்று, அக்கா தடுத்தும் கேட்காமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார், வேகமாக; நானும் கூட ஓடினேன். அக்கா ஏறி உட்கார்ந்த பிறகும் பெடலை மிதிக்காமல் நின்றார்.

“உடம்பப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

“எனக்கு இன்னா மேடம். நான் ஃபிட்டு.”

பாலகாட் மைன்ஸ் பக்கம் திரும்பும் வளைவில் அக்கா மறைந்ததும், அப்பா சின்னப் பாலத்தின் கட்டைமேல் உட்கார்ந்தார். இருமல் தொடங்கியது. இரண்டு நாள் அடக்கியது முழுவதும் வந்ததுபோல் இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மடங்கி மடங்கி இருமினார். ரோட்டில் போன ஆட்டோக்காரர் நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது, இனி மறைத்து என்ன பயன் என்று நான் சொல்லிவிட்டேன்.

“அவங்க நெஜமாவே ஆபீஸர் இல்லப்பா. சும்மா ஊர் சுத்துறவங்க. என்கிட்டயும் சொன்னாங்க.”

திட்டுவார் என்று இரண்டடி தள்ளி நின்றேன். அவர் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊர் சுத்துறவங்கன்னா நாலு எடத்துல போய்ச் சொல்லுவாங்க இல்ல?”

“இன்னான்னு?”

“இங்க ஆளுங்க இருக்காங்கன்னு.”

அவர் சுரங்கத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கையை நீட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். என் தோளைப் பிடித்து எழுந்தவர், அந்தக் கையை எடுக்காமலே வீடு வரை நடந்தார். பாரம் கூடக்கூட, அப்பா விளையாட்டுக்கு என்னை அழுத்துகிறார் என்று நான் சிரித்துக்கொண்டே வந்தேன்.