தனிக் கரண்டி

எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான் சைவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் வேலை பார்த்த காலத்தில், கறி சாப்பிட மாட்டேன் என்று எந்தத் தமிழரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி சாதியைச் சுற்றித்தான் வரும். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர், பூர்வீகம் அரக்கோணம் பக்கம். செகந்திராபாத் ரயில்வே காலனியில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வீட்டுக்கு வீடு மசாலா அரைக்கும் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டு அம்மியும் சேர்ந்துதான் ஓடும். பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் எனக்குக் கறி வேண்டாம் என்றேன். காரணம் கேட்டவர்களுக்கு அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லப் போவதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம்.

அப்பா சிரித்தார். அண்ணன்கள் கொஞ்ச நாள் சாமியாரம்மா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அலுத்துப்போனார்கள். அம்மா மட்டும் ஒன்றும் கேட்காமல் கடைக்குப் போய் ஒரு சின்ன அலுமினியச் சட்டியும் ஒரு கரண்டியும் வாங்கி வந்தாள். கறிக் குழம்பில் போட்ட கரண்டி என் சாம்பாருக்குள் ஒருநாளும் வந்ததில்லை. விருந்தாளிகள் யாராவது தெரியாமல் என் கரண்டியை எடுத்தால் அவர்கள் கையிலிருந்தே பிடுங்கிவிடுவாள்.

படித்து முடித்ததும் பாலாநகரில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை கிடைத்தது. அளவு தப்பிய பாகத்தைக் கண்டால் அதன் மேல் சிவப்பு பெயின்ட் அடித்துப் பூட்டிய பெட்டிக்குள் போட வேண்டும். சிவப்பு பட்டது திரும்ப வெளியே வராது. மெஷின் ஷாப்பிலிருந்து ஆட்கள் வந்து கெஞ்சுவார்கள், லேசாகத் தேய்த்துக் கொடுத்தால் யாருக்குத் தெரியும் என்பார்கள். நான் மசிந்ததில்லை. அந்த விஷயத்தில் எங்கள் மேனேஜர் எப்போதும் என் பக்கம்தான் நின்றார்.

மேனேஜர் கும்பகோணத்துக்காரர். வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத வீட்டில் பிறந்தவர். இளவயதில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போய், எல்லாம் சாப்பிடுகிறவராகத் திரும்பி வந்தார். அதைத் தன் டிகிரிகளோடு சேர்த்தே சொல்லிக்கொள்வார்.

எழுபதுகளின் கடைசியில் அதே வெளிநாட்டுக் கம்பெனிக்கு எங்கள் பிரிவிலிருந்து ஒருவரை ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வேலையை மட்டும் பார்த்தால் என் பெயர்தான் போக வேண்டும். ஆனால் முன்பு போன சைவக்காரர் ஒருவர் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பாதியில் ஓடி வந்துவிட்டாராம். அவர் ஓடி வந்ததற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கம்பெனியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் கிளம்பும் நாளில் ஊரிலேயே பெரிய ஓட்டல் ஒன்றில் மதிய விருந்து, எங்கள் பிரிவு ஆட்கள் சிலருக்கும் அழைப்பு. "டேபிள்ல நீங்க எப்படி நடந்துக்கறேள்னு அவா பார்ப்பா" என்று மேனேஜர் என்னிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தார். பரீட்சை என்று புரிந்துகொண்டேன்.

உள்ளே நுழைந்ததும் ஏசிக் குளிர் முகத்தில் அடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள், வெளியே அத்தனை வெயில் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சைவமாகத் தனியே சொல்லிவிட்டதாக மேனேஜர் காதோடு சொன்னார். நன்றாகத்தான் இருந்தது கேட்க.

பிறகு மாவு வைத்து மூடிய பெரிய பிரியாணி தேக்சாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். எல்லோரும் பார்க்க மூடியை உடைத்தார்கள். வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். வெயிட்டர் தேக்சாவின் ஓரத்தில் கரண்டியை விட்டு, வந்த சோற்றிலிருந்து இரண்டு கறித்துண்டுகளைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டு, மீதியை என் தட்டில் வைத்தார். மேலே கொஞ்சம் வறுத்த வெங்காயம் தூவினார். நான் நிமிர்ந்து பார்த்ததும், "பீஸ் நிகால் தியே மேடம், அப் வெஜ்ஜிச் ஹை" என்றார் பணிவாக. துண்டை எடுத்தாயிற்று, இனி சைவம்தான். இதுதான் எனக்காகச் செய்த ஏற்பாடு.

தட்டைத் தள்ளி வைத்தேன்.

வெள்ளைக்காரர்களுக்குப் புரியக்கூடாது என்று மேனேஜர் தமிழில் பேசினார், முகத்தில் சிரிப்பு மாறாமல். "வெறும் குஸ்காதானேம்மா. துண்டு ஒண்ணும் இல்லை. ரெண்டு வாய் சாப்பிடுங்கோ. நானே மாறிக்கலையா? உங்காத்துல எல்லாரும் சாப்பிடறவாதானே, உங்களுக்கு என்ன கட்டுப்பாடு?"

பிறப்பால் வந்த சைவம் என்றால் மரியாதை, நானாக எடுத்துக்கொண்டது என்றால் விளையாட்டா? கறி சாப்பிடாதே என்று வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை என்பதாலேயே என்னைத் தடுக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். அது எத்தனை பெரிய கட்டுப்பாடு என்று அவருக்குத் தெரியவில்லை.

"சார், எங்கம்மா வாராவாரம் கறி ஆக்குறவங்க. எனக்குன்னு தனிக் கரண்டி வெச்சிருக்காங்க. இவ்ளோ பெரிய ஓட்டல்ல அது இல்லையா?" என்றேன். "சிவப்பு அடிச்ச பீஸைத் தேய்ச்சுக் குடுத்தா நீங்க பாஸ் பண்ணுவீங்களா?"

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வெயிட்டரைப் பார்த்து, "நக்கோ" என்றேன். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத் தெருக்களில் சொல்வது அது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் வெயிட்டர் நம்ம ஊர்ப்பெண் என்று கண்டுகொண்டவரைப் போல இளகிவிட்டார். வெறும் சோறும் ஒரு கிண்ணம் தயிரும் உப்பும் கேட்டேன்.

வெள்ளைக்காரர்களில் மூத்தவர் என்ன பிரச்சினை என்றார். மேனேஜர் வாய் திறப்பதற்குள் நானே சொன்னேன்: நான் கறி சாப்பிடுவதில்லை, இந்தச் சோறு கறியோடு வெந்தது. அப்படியானால் எங்கள் ஊர்க் குளிரில் ஆறு மாதம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார். கேலியில்லை, நிஜமான கவலை.

"உங்கள் ஊரில் உருளைக்கிழங்கு விளையுமா?" என்று கேட்டேன்.

விளையும், ஏராளமாக விளையும் என்றார். அப்படியானால் கவலையில்லை என்றேன். சோறு வந்தது. பளபளக்கும் கரண்டிகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, உப்புப் போட்டு, கையால் பிசைந்து, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தயிர் சாதம் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே அவர்கள் எங்களுக்கு விற்ற அளவுக் கருவியில் வெயில் காலத்தில் அளவு நகர்வதைப் பற்றி மூத்தவரிடம் கேட்டேன். அவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். எங்கள் ஆட்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பும்போது ஜீப் ஹுசேன் சாகர் ஏரியைத் தாண்டியது. மேனேஜர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "அங்க போன புதுசுல ரெண்டு நாள் ரொட்டியும் தண்ணியுமா இருந்தேன். யாரும் என்னைச் சாப்பிடச் சொல்லலை. வேண்டாம்னா திருப்பி அனுப்பிடுவாளோன்னு பயம். மூணாம் நாள் கறியைச் சாப்பிட்டுட்டு பாத்ரூம்ல போய் அழுதேன்."

முதலில் பாவமாக இருந்தது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. தான் பயந்து விழுங்கியதைத்தானே இன்று என்னையும் விழுங்கச் சொன்னார்? ஆனால் அவரைத் திட்ட மனசு வரவில்லை.

"என் பேரை அனுப்புங்க சார்" என்றேன். "சாப்பாட்டைப் பத்தி யார் கேட்டாலும் என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்லிக்கிறேன்."

அனுப்பினார். கேட்டார்கள், சொன்னேன். நான் கிளம்பிய அன்று அம்மா பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டருக்கு அடியில் என் கரண்டியைச் செருகினாள். அங்கே போய்க் கடன் கேட்டுக்கொண்டு நிற்காதே என்றாள்.

ஆறு மாதமும் இருந்து முடித்துத்தான் வந்தேன். உருளைக்கிழங்கு ஏராளமாக இருந்தது.