எடுக்காமல் விட்ட சிரிப்பு

மறுநாள் என் வீட்டுக்காரரின் இதய அறுவை சிகிச்சைக்காகப் புதுச்சேரிக்குக் கிளம்ப வேண்டும். பையெல்லாம் கட்டிய பிறகு அவர், "நான் வரல" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டார். காரணத்தைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் பக்கத்து ஊர் பூவத்தை ஒட்டிய சவுக்குத் தோப்பில் ஒரு கௌபாய் படம் எடுத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்துத் தங்கச் சுரங்க ஊர் என்று கதை. வேடிக்கை பார்க்கப் போன இவருக்குத் தொப்பி மாட்டி, குண்டடிபட்டுச் சாகச் சொன்னார்கள். இன்றைக்கும் டிவியில் அந்தப் படம் போட்டால் எங்கள் தலத்தெரு ஊரே உட்கார்ந்து பார்க்கும். தான் சாகிற இடம் வந்ததும் இவர் மட்டும் கண்ணை மூடிக்கொள்வார்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவுக் காட்சி முடிந்ததும், செத்தவரைக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கவைத்து ஒரு ஷாட் எடுப்பார்கள். அதோடு அபசகுனம் கழிந்துவிடும். அன்று மழை பிடித்துக்கொண்டதில் இவரை மறந்துவிட்டார்கள்.

"சிரிக்காம எப்படிப் போயி ஆபரேஷனுக்குப் படுக்குறது?" என்றார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர் பேசுகிற பேச்சா இது? ஆனால் கட்டிய பையைத் திரும்ப அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். எனக்கும் பயம்தான். அந்தச் சவுக்குத் தோப்புக்கு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

அவ்வளவு பெரிய செட்டில் மிச்சம் ஒரு செங்கல் சுவர். படத்தில் வந்த சாராயக் கடையின் முகப்பு அது. பின்னால் தகரம் சாய்த்து யாரோ ஆடு கட்டியிருந்தார்கள். அன்று குண்டடிபட்டு விழுந்த இடத்தை இவர் தேடிப் பிடித்து நின்றார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன்.

"சிரிங்க."

உதடு மட்டும் அசைந்தது. இன்னொரு தடவை முயன்றார். கண் கலங்கிவிட்டது.

"ஏங்க, ஒண்ணு சொல்லட்டுமா? செத்து விழுந்தப்புறம் நீங்க மூக்கச் சொறிஞ்சீங்க. படத்துல நல்லாத் தெரியுது. மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் இத்தன வருஷமா சொல்லல."

"நெசமாவா?"

"நெசமாத்தான். நீங்க ஒழுங்கா சாகவே இல்லீங்க."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். போனில் எடுத்துவிட்டேன். "சரி, வா, போலாம். காலையில கெளம்பணும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டுபோனார்கள். கதவு மூடுவதற்குள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மெதுவாகக் கையைத் தூக்கி, மூக்கைச் சொறிந்துகொண்டார்.