இழுத்தால் வரவேண்டிய ரெகுலேட்டர்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனவன், அதே தெருவில் சொந்தக் கம்பெனி போட்டேன். அங்கே எனக்கு ஓட்டத் தெரியாத மெஷின் ஒன்றும் கிடையாது. முதுகில் காத்து சிலிண்டர் கட்டித் தண்ணிக்குள் முங்குவதையும் அப்படித்தான் கத்துக்கிட்டேன், பேரன் எடுத்த வயசில். "இந்த வயசுல தாங்குவீங்களா?" என்று ராமேஸ்வரம் பக்கம் சொல்லிக் கொடுத்தவர் கேட்டார். முதல் நாளே அவருக்கு முன்னால் கடலடித் தரையைத் தொட்டுக் காட்டினேன்.

எங்க பக்கம் கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பாறைக்குழிகள் நிறைய. மழைத்தண்ணி நின்று ஆழமே தெரியாது. என்னிடம் வேலை பார்த்த ஒருத்தர் ஞாயித்துக்கிழமை குளிக்கப் போய், எடுக்க ஆளில்லாமல் தானாக மிதந்து வந்தார். அதற்கப்புறம்தான், குழியில் போனவங்களை எடுத்துக் கொடுக்கலாம் என்று முங்குகிற செட் ரெண்டு வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று என் சம்சாரத்தின் தம்பிக்கு. எங்க பேக்கிங் செக்‌ஷன் அவன் பொறுப்பு.

ஒரு சிலிண்டருக்கு, வாயில் கடித்து மூச்சு வாங்குகிற ரெகுலேட்டர் ரெண்டு இருக்கும். ஒன்று நமக்கு. மஞ்சள் குழாயில் இருப்பது கூட வருகிறவனுக்கு. அவன் காத்து தீர்ந்தால் அதைப் பிடுங்கிக் கடித்துக்கொள்ளணும். அது நம் நெஞ்சில் ஒரு ரப்பர் வளையத்தில் சொருகி நிற்கும். தொங்கினால் சேறு புகுந்துவிடும். ஆனால் இழுத்த மாத்திரத்தில் கையோடு வந்தாகணும்.

மச்சினனுக்கு அந்த வளையம் பிடிக்கவே இல்லை. "லூசுங்க மச்சான், சும்மா சும்மா நழுவுது" என்பான். விலைச்சீட்டு நழுவினால் சரக்கு வாங்குகிற பையர் முழு லோடையும் திருப்பிவிடுவானே என்று பயந்தே பழகினவன். அவன் கையில் எதுவும் தொங்கக் கூடாது.

அன்னிக்கு மங்கலம் பக்கத்துக் குழி. காலையில் குளிக்க இறங்கி முங்கிப்போன ஒருத்தனுடைய அண்ணன் கரையில் உட்கார்ந்து ஹிந்தியில் அழுதுக்கிட்டிருந்தான். இறங்குமுன் மச்சினனைப் பார்த்தேன். மஞ்சள் குழாய் அவன் நெஞ்சில் அம்சமாக நின்றது.

"என்ன மாப்ள, புது வளையமா?"

"வளையத்தோட சேர்த்து டேக் அடிச்சுட்டனுங்க. இனி கப்பல்ல ஏத்தினாலும் நழுவாது."

"எக்ஸ்போர்ட் பீஸாட்டம் இருக்கற போ!"

"நீங்க டபுள் எக்செல்லுங்க. எறங்குனா குழித்தண்ணி ரோட்டுக்கு வந்துரும்."

ரெண்டு பேரும் சிரித்தோம். டேக் என்றால், புதுச்சட்டையில் விலைச்சீட்டைக் கோத்திருக்கிற பிளாஸ்டிக் இழை. இழுத்தால் துணி கிழியும், அது அறாது. இது எனக்குத் தெரியாதா? ஆயிரம் தடவை பார்த்ததுதான். அந்த நேரம் தோணவில்லை.

அடியில் கும்மிருட்டு. ரெண்டு பேரையும் ஒரு கயிறு சேர்த்திருந்தது. தடவிக்கொண்டே போனேன், ஒரு சட்டை கைக்குத் தட்டுப்பட்டது. அதே நேரம் என் ரெகுலேட்டரில் சேறு அடைத்துக்கொண்டது. மூட முடியாமல் காத்து பீச்சியடித்து, சிலிண்டர் காலி. என் மஞ்சள் குழாயும் அதே சிலிண்டர்தானே, அதிலும் ஒன்றுமில்லை. சட்டையை விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்து மச்சினன் நெஞ்சுக்குப் போனேன்.

இழுத்தேன். வரவில்லை. அவனும் இழுத்தான். கப்பலேற்ற அடித்த டேக், அசையவே இல்லை.

தன் வாயில் இருந்ததைப் பிடுங்கி என் வாயில் திணித்தான். ரெண்டு மூச்சு. திருப்பிக் கொடுத்தேன். அவனுக்கு ரெண்டு, மறுபடி எனக்கு. அப்படியே ஏறினோம். பாதி தூரத்தில் நான் திருப்பி நீட்டினேன், அவன் கை வாங்கவில்லை. வாயைத் தேடி வைத்து அழுத்தினேன். பல் கடிக்கவில்லை. எனக்கு மூச்சு முட்டியது. நானே கடித்துக்கொண்டு அவனை இழுத்துக்கிட்டு மேலே வந்தேன். சிலிண்டர் அவன் முதுகில், குழாய் என் வாயில்.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். முங்கினவனை மறுநாள் வேறு ஆட்கள் எடுத்தார்கள்.

ஊட்டில் என் சம்சாரம் எல்லாத்தையும் கேட்டு முடித்தாள். "கடைசில அது யாரு வாயில இருந்துச்சுங்க?" என்றாள்.

பேங்க்காரன், பையர், கவர்மெண்ட் ஆபீஸர், யார் முன்னாடியும் நான் பேச்சில் தோத்ததில்லை.

"என்ற வாயில" என்றேன்.

இன்னும் வேளாவேளைக்குச் சோறு வைக்கிறாள். மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். "ஏனுங்க" என்று என்னைக் கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.