கேட் திறக்கும் எண்

புதுக்கோட்டை ஸ்டேஷனில் நின்ற சரக்கு ரயிலிலிருந்து வெயிலில் காய்ந்த இரும்பு வாசம் வந்ததும், திருமயம் சாலையில் மேம்பாலம் வந்து இல்லாமல்போன ரயில்வே கேட்டுக்கு இன்று மனசு போய்விட்டது. அந்த நாட்களில் எங்கள் ஸ்கூல் பஸ் அங்கே நின்றுவிடும். தடக் தடக்கென்று ஊர்ந்துபோகும் பெட்டிகளின் பதினோரு இலக்க எண்களில், முதலாவது, மூன்றாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றாக நானும், இடையில் விட்டவற்றைப் பக்கத்து சீட் செல்வியும் கூட்டிக்கொண்டே இருப்போம். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்தால் அவ்வளவு பெரிய எண்ணும் பதினொன்றால் மீதியில்லாமல் வகுபடும், உடனே இருவரும் மூடிய கேட்டைப் பார்த்து, "தொறந்துருச்சு!" என்று கத்துவோம். "இன்னும் இல்லம்மா, உக்காருங்க" என்பார் டிரைவர்.

செல்வியோடு பேச்சு விட்டுப்போய் வருஷங்களாகின்றன. எதிரே நின்ற பெட்டியில் என் பாதியைக் கூட்டினேன், இருபத்துமூன்று. அவள் பாதியைத் தொடவில்லை. 31081267558 என்ற அந்தப் பெட்டி எண்ணை மட்டும் அவளுக்கு போனில் அனுப்பினேன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் பதில் வந்தது.

"எனக்கு இருபத்திமூணு. தொறந்துருச்சாடி?"